வங்கக் கடலில் புயல், நம் வீட்டில் பதற்றம்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் அக்ரஹாரத்தில் ஒரு மாதிரியான வானம் வரும். அதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இடி இருக்காது, மின்னல் இருக்காது, பெருமழையும் இருக்காது. காலையிலிருந்து சூரியனைக் காணோம். நசநசவென்று ஒரு தூறல். நூற்றொரு கணபதி கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் தலையில் மப்ளரும் கையில் குடையுமாகப் போவார்கள். இரண்டு நாள் துணி காயாது. காய்கறிக்காரரிடம் "என்னப்பா இது?" என்று கேட்டால், "பங்காள கொல்லியல்லி சைக்ளோன் அந்தெ, சாமி" என்பார். கொல்லி என்றால் கன்னடத்தில் விரிகுடா. தமிழ்க் காதுக்கு அது வேறு விதமாக விழுவது தற்செயல்தான்.

அந்தக் கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, 750 மீட்டருக்கு மேலான உயரத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு வங்கக் கடல் புயலால் நேருவது அநேகமாக இவ்வளவுதான், ஒரு ஸ்வெட்டர், ஒரு காயாத வேட்டி. ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு அம்மாவோ, அக்காவோ, சித்தப்பாவோ அந்தக் கரையில் இருக்கிறார்கள். ஆகவே புயல் என்றதும் கரையில் இருப்பவர்களைவிட நமக்குத்தான் பதற்றம் அதிகம். அவர்கள் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். நாம் டிவியைப் பார்க்கிறோம்.

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். 2024ஆம் வருடம் தசராவுக்கு என் அக்கா சென்னையிலிருந்து வந்திருந்தார். அவருக்கு வேளச்சேரியில் தரைத்தள வீடு; தனியாகத்தான் இருக்கிறார்; வயது எழுபதைத் தாண்டியாயிற்று. அக்டோபர் 12ஆம் தேதி ஜம்பூ சவாரி பார்த்தார். 14ஆம் தேதி இரவு காவேரி எக்ஸ்பிரஸில் திரும்பிப் போக டிக்கெட். 16ஆம் தேதி கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். 14ஆம் தேதி காலையிலேயே செய்தி ஆரம்பித்துவிட்டது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு 16ஆம் தேதி ரெட் அலர்ட், பள்ளிகளுக்கு விடுமுறை, கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லும்படி அரசு அறிவுரை. வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் படத்தை நாள் முழுக்கக் காட்டினார்கள். கடைகளில் பால் இல்லை, பிரெட் இல்லை, வாட்டர் கேன் இல்லை. மெழுகுவர்த்தி கூட இல்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் போனில் சொன்னாள்.

"அக்கா, நீ போகவே கூடாது" என்று நான் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். டிக்கெட்டை ரத்து செய்தோம்.

15ஆம் தேதி மழை பெய்யத்தான் பெய்தது. சென்னைக்கு வடக்கே சோழவரம், செங்குன்றம் பக்கமெல்லாம் 25 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆனால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த 16ஆம் தேதி? மேகக் கூட்டம் ஆந்திரா பக்கமாக நகர்ந்துவிட்டது. 17ஆம் தேதி விடியற்காலையில் அந்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே சத்தமில்லாமல் கரையைக் கடந்துபோயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசிவிட்டு அக்கா போனை வைத்தார். "என்னடா இது, அங்கே பெயருக்குத் தூறலாம். ரோடெல்லாம் காய்ஞ்சிருக்காம். நான் இங்கே உன் ஊர்த் தூறல்ல உட்கார்ந்திருக்கேன்" என்றார். கண் ஆபரேஷனுக்கு அடுத்த நாள் கிடைக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் மங்கலான ஒரு கண்ணோடு அவர் மாடிப்படி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படி நடந்ததும் எல்லோரும் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு: "வானிலைக்காரன் சொன்னால் எதிர்மாறாகத்தான் நடக்கும்." ரமணன் அவர்கள் சென்னை வானிலை மையத்தில் இருந்த காலத்தில் (2016இல் ஓய்வு பெற்றார்) பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவரை லீவு கொடுக்கும் மாமா என்றே கொண்டாடினார்கள், பெரியவர்கள் கேலி பேசினார்கள். இந்தக் கேலியில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று பார்க்கலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நானும் கேலி பேசியவன்தான்.

முதலில், சென்னை ஜனங்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றியது வெறும் பைத்தியக்காரத்தனம் அல்ல. 2015 டிசம்பர் 1ஆம் தேதியை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் கார்கள் படகு மாதிரி மிதந்துபோனதை நாமும் டிவியில் பார்த்தோம். அப்போது பால் கிடைக்காமல் பல நாள் ஜனங்கள் அலைந்தார்கள். என் அக்கா மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் மாடி வீட்டுக்காரர்கள் தயவில் இருந்தார். பத்து மாதம் முன்பு சூடு பட்ட பூனை பாலைக் கண்டு பயப்பட்டால் அதை எப்படிக் கோபிப்பது? ஒரு கார் வெள்ளத்தில் மூழ்கினால் இன்ஜின் செலவு மட்டும் லட்சத்தைத் தொடும். அதைப் பார்த்தால் மேம்பாலத்தில் நிறுத்தியதற்குப் போலீஸ் அபராதம் போட்டால்கூட லாபம்தான். கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கில் ஆம்புலன்ஸ் போக வழி இருக்கிறதா என்பது சேரவில்லை. அதே மாதிரி, இரண்டு பாக்கெட் பால் வாங்குகிறவர் எட்டு பாக்கெட் வாங்கினால் தெருக்கோடியில் கைக்குழந்தை வைத்திருக்கிறவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. புயல் வராவிட்டாலும் பால் தட்டுப்பாடு வந்துவிடுகிறது.

இது சென்னைக்கே உரிய குணமும் அல்ல. நம்மில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே குளிர்காலத்தில் பனிப்புயல் என்று அறிவித்தால் கடைகளில் முதலில் தீர்ந்துபோவது பால், ரொட்டி, முட்டை. 2015 ஜனவரி 26, 27 தேதிகளில் நியூயார்க் நகரத்துக்கு இரண்டு அடிக்கு மேல் பனி விழும் என்று சொன்னார்கள். பனிக்காக ஒருநாளும் நிறுத்தாத சுரங்க ரயிலையே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் நகரத்தின் நடுவே விழுந்தது சுமார் 10 அங்குலம். புயல் சற்றே கிழக்கே ஒதுங்கிவிட்டது. அதனால் பக்கத்திலிருக்கும் லாங் ஐலண்டும் பாஸ்டனும் இரண்டு அடிப் பனியில் புதைந்தன. வானிலை அதிகாரி ஒருவர் பகிரங்கமாக மன்னிப்பே கேட்டார். பாஸ்டன்காரர்கள் அவரிடம் மன்னிப்பை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த "சற்றே ஒதுங்குவது" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. புயல் என்பது தண்டவாளத்தில் வரும் ரயில் அல்ல. நம் நாட்டு வானிலைத் துறை ஒரு நாள் முன்கூட்டி, புயல் நாளை இந்த இடத்தில் இருக்கும் என்று சொல்லும்போது, சராசரியாக 70, 80 கிலோமீட்டர் தவறுகிறது. இரண்டு நாள் முன்கூட்டிச் சொன்னால் இன்னும் கூடுதல். இது மோசமான கணக்கல்ல. முப்பது வருடத்துக்கு முன் இருந்ததைப் பார்க்க மிகப் பெரிய முன்னேற்றம். ஆனால் 80 கிலோமீட்டர் என்றால் என்ன? சென்னையிலிருந்து மாமல்லபுரத்தைத் தாண்டிய தூரம். வடக்கே போனால் ஆந்திர எல்லை. அதாவது வானிலைக்காரர் தம் வேலையை மிகச் சரியாகச் செய்திருந்தாலும் சென்னைக்கு என்று சொன்ன புயல் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போய்விடலாம். அவருக்கு அது வெற்றி. பால் பாக்கெட்டுகளோடு உட்கார்ந்திருக்கும் நமக்கு அது ஏமாற்றம்.

போதாக்குறைக்கு, புயல் கரை கடக்கும் இடமும் மழை கொட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவில் பாபட்லா பக்கம், சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. ஆனால் அது சென்னைக்குக் கிழக்கே கடலில் மெல்ல மெல்ல ஊர்ந்துபோனபோதே ஊரை மூழ்கடித்துவிட்டது. வேகமாக வந்து போகிற புயல் மரத்தைச் சாய்க்கும். மெதுவாக நகர்கிற புயல் வீட்டுக்குள் தண்ணீரைக் கொண்டுவரும். ஆகவே "எங்கே கரை கடக்கும்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது பாதிக் கேள்விதான். "எவ்வளவு வேகத்தில் நகர்கிறது?" என்பது மீதிப் பாதி.

இனி, நாம் செய்தியில் கேட்கும் சொற்களுக்கு வருகிறேன். பதற்றத்தில் பாதி இந்தச் சொற்களைச் சரியாகப் படிக்காததால் வருவது.

ரெட் அலர்ட் என்றதும் ஏதோ பிரளயம் என்று நினைக்கிறோம். வானிலைத் துறை நான்கு நிறம் வைத்திருக்கிறது. பச்சை என்றால் எச்சரிக்கை ஒன்றுமில்லை. மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்து வா. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. இதில் நடவடிக்கை எடுக்க வேண்டியவர் முதலில் மாவட்ட ஆட்சியர். மோட்டார் பம்பு, படகு, முகாம், ஏரி மதகு இவற்றையெல்லாம் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான். குடிமக்களுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்கு எட்டு பாக்கெட் பால் அல்ல. 2018 அக்டோபரில் 7ஆம் தேதிக்கென்று தமிழ்நாட்டுக்கு ரெட் அலர்ட் சொல்லி, ஊரே கலங்கி, கடைசியில் எதிர்பார்த்த மழை வரவில்லை. அந்தச் சுழற்சி அரபிக் கடலுக்குப் போய் லூபன் என்ற பெயரோடு ஏமன் நாட்டில் கரையேறியது.

மழையின் அளவுக்கும் பெயர் உண்டு. 24 மணி நேரத்தில் ஆறரை சென்டிமீட்டரைத் தொட்டால் கனமழை. பதினொன்றரையைத் தாண்டினால் மிக கனமழை. இருபது சென்டிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை. இருபது சென்டிமீட்டர் என்பது ஒரு சாண் உயரம்கூட இல்லையே, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்ளுங்கள், 2400 சதுர அடி. அதன் மேல் 20 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 44,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். 12,000 லிட்டர் டாங்கர் லாரியில் கிட்டத்தட்ட நாலு லாரி. ஒரு தெருவில் நாற்பது மனை இருந்தால் நூற்றைம்பது லாரித் தண்ணீரை ஒரே நாளில் அந்தத் தெருவில் கொட்டினாற்போல. அது போக வழி இருந்தால் ஒன்றுமில்லை. வழியில் ஏரி இருந்த இடத்தில் வீடு இருந்தால்தான் வம்பு. வேளச்சேரியில் ஒரு ஏரி இருக்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம். நூறு வருடம் தண்ணீர் தங்கிய இடத்தில் மறுபடி தண்ணீர் தங்குவதற்கு வானிலைத் துறை என்ன செய்யும்?

எல்லாவற்றையும்விட நாம் கவனிக்காமல் விடும் சொற்கள், "ஓரிரு இடங்களில்", "ஒரு சில இடங்களில்". இவை பேச்சுக்குச் சொல்லும் வார்த்தைகள் அல்ல, அளவுச் சொற்கள். ஒரு பகுதியில் இருக்கிற மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை இருந்தால் அது "ஓரிரு இடங்கள்". பாதி வரை என்றால் "ஒரு சில". முக்கால் வரை என்றால் "பல" அல்லது "அநேக". அதற்கு மேல் போனால்தான் "பெரும்பாலான". ஆகவே, "சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் அதி கனமழை" என்று வாசித்தால், நாலில் மூன்று பங்கு இடத்தில் அதி கனமழை பெய்யாது என்று அந்த வாக்கியமே சொல்லிவிடுகிறது. நாம் கேட்பது "சென்னையில் அதி கனமழை" என்று மட்டும். மறுநாள் நம் தெருவில் பெய்யவில்லை என்றால் பொய் சொன்னார்கள் என்கிறோம். சோழவரத்தில் பெய்தது, சொன்னபடி ஓரிரு இடங்களில்தான் பெய்தது.

கூண்டு விஷயம் இன்னும் சுவாரசியமானது. "1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்ற வரி நாம் சிறு வயதிலிருந்து கேட்பது. எங்கள் பாட்டி அதைக் கேட்டதும் ஊறுகாய் ஜாடியை உள்ளே எடுத்து வைப்பாள். உண்மையில் அந்தக் கூண்டு நமக்காக ஏற்றப்படுவதே இல்லை; கப்பல்காரர்களுக்கும் மீனவர்களுக்கும்தான். 1864இல் கல்கத்தாவை ஒரு பெரும் புயல் சூறையாடிய பிறகு, அடுத்த வருடம் அந்தத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. இந்திய வானிலைத் துறையே 1875இல்தான் பிறந்தது. துறைமுகக் கொடிமரத்தில் பகலில் கூம்பும் உருளையுமான கூண்டுகளையும் இரவில் விளக்குகளையும் ஏற்றிச் சேதி சொன்னார்கள். 1 என்றால், தூரக் கடலில் புயல் உண்டாகக்கூடிய வானிலை இருக்கிறது. 2 என்றால் தூரத்தில் புயலே உண்டாகிவிட்டது. துறைமுகத்தை விட்டுப் போகிற கப்பல் பார்த்துப் போக வேண்டும். 3, 4 வந்தால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். 5, 6, 7 அபாயம். இதில் 5க்கும் 6க்கும் வித்தியாசம் புயல் கடுமையில் இல்லை, புயல் போகிற வழிக்குத் துறைமுகம் இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா என்பதுதான். 7 என்றால் துறைமுகத்தை ஒட்டியே கடக்கும். 8, 9, 10 பெரும் அபாயம், அதே இட, வல, நேர் வரிசையில். 11 என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது, உங்கள் புத்தியைக் கொண்டு பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். ஆகவே நாகப்பட்டினத்தில் 1ஆம் எண் கூண்டு என்று கேட்டு மைசூரிலிருந்து போன் போட்டு அழ வேண்டியதில்லை. 7க்கு மேல் என்றால் போன் போடலாம்.

பழமொழியை நம்பினாலும் ஆபத்து. கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பார்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது 1964 டிசம்பர் 22, 23 இரவில், நல்ல மார்கழி. பாம்பனிலிருந்து போன ரயிலோடு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது 2023 டிசம்பர் 17ஆம் தேதி, மார்கழி பிறந்த அன்று. நம் மைசூருக்கு வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 80 சென்டிமீட்டர்தான். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் 800 பேர் வெள்ளத்தின் நடுவே மாட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு வானிலைத் துறையின் மேல் என்ன குற்றச்சாட்டு தெரியுமா? குறைத்துச் சொன்னார்கள், இவ்வளவு பெய்யும் என்று சொல்லவே இல்லை என்று. அடுத்த ஐப்பசியில் கூட்டிச் சொன்னார்கள் என்று திட்டினோம்.

வானிலைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து இதை யோசித்துப் பார்க்க வேண்டும். கூட்டிச் சொல்லித் தவறினால் கேலி. குறைத்துச் சொல்லித் தவறினால் பிணம். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரிக்கு அருகே மிகக் குறைந்த அவகாசத்தில் உருவெடுத்தபோது, குமரி மாவட்டத்துப் படகுகள் பல ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. கேரளத்தையும் சேர்த்து நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. இன்னொரு பக்கம் ஒரிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் 29ஆம் தேதி வந்த பெரும்புயலில் பத்தாயிரம் பேர்வரை மாண்டார்கள். 2013இல் பைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரைக் கரையிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. பைலின் கொஞ்சம் திசை திரும்பிக் கடலிலேயே கரைந்திருந்தால், பத்து லட்சம் பேரை வீணாக அலைக்கழித்தார்கள் என்று எழுதியிருப்போம். அலைந்தவர்களில் யார் பிழைத்தவர் என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒருமுறை ஏமாந்தால் அடுத்த முறை அலட்சியம் வருவது மனித சுபாவம். 2016ஐ நினைத்துப் பாருங்கள். டிசம்பர் முதல் இரண்டு நாளில் நடா புயல் என்றார்கள், விடுமுறை விட்டார்கள், அது வலுவிழந்து காரைக்கால் பக்கம் சாதாரணமாகப் போயிற்று. பத்தே நாளில், டிசம்பர் 12ஆம் தேதி, வர்தா. சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. பல பேட்டைகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது; கையில் பணம் இல்லை, ஏடிஎம் வேலை செய்யவில்லை, கார்டு தேய்க்க லைன் இல்லை. நடாவுக்குச் சேர்த்து வைத்த மெழுகுவர்த்தியை எங்கள் அக்கா கார்த்திகை தீபத்துக்கே உபயோகப்படுத்திவிட்டாராம். வர்தா வந்ததும் அன்றைக்குத்தான், திருக்கார்த்திகை அன்று.

அதே கதை எங்கள் வீட்டில் 2024இல் திரும்பியது. அக்டோபரில் அவமானப்பட்ட நான், நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்றபோது மெதுவாகத்தான் வாயைத் திறந்தேன். "நீ சும்மா இரு. உன் பேச்சைக் கேட்டுத்தான் ஒரு கண்ணோட மூணு வாரம் இருந்தேன்" என்றார் அக்கா. வானிலைச் செய்தியும் அதற்குத் தகுந்தாற்போல இருந்தது. புயலாக மாறாது என்றார்கள். பிறகு 29ஆம் தேதி மாறிவிட்டது என்றார்கள். 30ஆம் தேதி சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். டிவியில் மெரினா அலையும் மழைக்கோட்டுப் போட்ட நிருபர்களும்தான். மேம்பாலத்தில் மறுபடி கார்கள். அக்கா வீட்டு வாசற்படியில் ஒரு படி தண்ணீர் ஏறி, அத்தோடு நின்றுவிட்டது. ராத்திரி புதுச்சேரி பக்கம் புயல் கரை கடந்தது என்றதும் நான் நிம்மதியாகப் படுத்துக்கொண்டேன்.

கரை கடந்த பிறகுதான் ஃபெஞ்சல் தன் வேலையைக் காட்டியது. நகராமல் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 சென்டிமீட்டர். டிசம்பர் 1ஆம் தேதி மாலை திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஒரு வீட்டில் இருந்த ஏழு பேர் மடிந்தார்கள். சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம். கடற்கரையிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் டிசம்பர் 2ஆம் தேதி காலை வரை ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் ஏரித் தண்ணீரில் உருண்டு போனதை அப்புறம் எல்லோரும் பார்த்தோம்.

ஊத்தங்கரையில் எங்கள் சம்பந்தி வீடு இருக்கிறது. வீட்டில் சம்பந்தியும் அவர் மனைவியும் மட்டும். நாலு நாளாக நான் வேளச்சேரிக்கு இருபது தடவை போன் போட்டிருப்பேன். ஊத்தங்கரைக்கு ஒரு தடவைகூடப் போடவில்லை. அங்கே என்ன புயல் என்ற நினைப்பு. திங்கட்கிழமை காலையில் போட்டபோது லைன் கிடைக்கவில்லை. அன்றைக்கு அக்ரஹாரத்திலும் அந்த ஃபெஞ்சலின் மிச்சம்தான் தூறிக்கொண்டிருந்தது. ராமானுஜ ரோட்டில் குடையோடு போய்க் காய்கறி வாங்கி வந்தேன். சாயங்காலம்தான் அவர்கள் குரலைக் கேட்டேன். உயிருக்கு ஒன்றும் இல்லை. இடுப்பளவு தண்ணீர் வீட்டுக்குள். அரிசி மூட்டை, ஃபிரிட்ஜ், பெட்டிப் புடவைகள் எல்லாம் போயிற்று. மாமி மேஜை மேல் ஏறி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாராம். "நீங்கள் யாராவது கூப்பிடுவீர்கள் என்று பார்த்தேன்" என்று சம்பந்தி சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் சில வழக்கங்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன். வாட்ஸ்ஆப்பில் வரும் வெள்ளப் படம் எந்த வருடத்துப் படம் என்று தெரியாமல் யாருக்கும் அனுப்புவதில்லை. 2015ஆம் வருடத்துப் படம் ஒவ்வொரு ஐப்பசியிலும் புதிதாக வருகிறது. அந்த 2015 நவம்பரிலேயே அமெரிக்காவின் நாசா எச்சரித்ததாக ஒரு கட்டுக்கதை ஊரைக் கலக்கியது. டிவி நிருபரின் குரலைவிட, வானிலை மையம் வெளியிடும் அறிக்கையின் வாக்கியத்தை முழுக்கப் படிக்கிறேன். எந்த மாவட்டம், எந்த நாள், எத்தனை இடங்களில் என்று மூன்றையும் பார்க்கிறேன். புயல் கரை கடந்த பிறகு எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டு நாள் கூடுதலாகக் கவனிக்கிறேன். பால் பாக்கெட் இரண்டுக்கு மேல் வாங்காதே என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். மாத்திரை மட்டும் பதினைந்து நாளுக்குக் கையில் இருக்க வேண்டும் என்பது இருவருக்கும் ஒப்பந்தம். அக்காவும் தரைத்தளத்தை விட்டு அதே தெருவில் முதல் மாடிக்குக் குடிபோய்விட்டார். படி ஏறுவதற்குக் கஷ்டம் என்கிறார். ஆனால் கண் இரண்டும் நன்றாகத் தெரிகிறது.

இப்போதெல்லாம் வங்கக் கடலில் தாழ்வு நிலை என்றால் அக்காதான் முதலில் போன் செய்கிறார். தன்னைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஊத்தங்கரைக்குப் பேசினியாடா?"